அளவு ரவிக்கையும் அளவு நாடாவும்

தையல் என்னும் சொல் தைக்கும் தொழிலையும் குறிக்கும், பெண்ணையும் குறிக்கும். தைத்து வாழ்ந்தோரைத் துன்னகாரர் என்று பெயர் சுட்டிப் புகார் நகரத்து மக்களோடு சேர்த்துக் காட்டுகிறது சிலப்பதிகாரம். அத்துணைத் தொன்மை வாய்ந்த தொழிலே இன்று திருப்பூர் வட்டாரத்திற்குச் சோறிடுகிறது. காங்கேயத்திலிருந்தும் சுற்றூர்களிலிருந்தும் பெண்கள் பலர் பனியன் கம்பெனிகளுக்கு நாள்தோறும் சென்று வருகின்றனர். ஆயினும், தமக்கென ஒரு ரவிக்கையைத் தாமே தைத்து உடுத்துவோர் அவர்களுள் எத்துணைப் பேர்?

இதற்கு அவர்தம் கைத்திறன் காரணமன்று. கம்பெனியில் ஒருவர் ஓவர்லாக் அடிப்பார். ஒருவர் பேட்லாக் அடிப்பார். அளந்து வெட்டுவது பிறிதொருவர் பணி. துண்டு துண்டாகப் பகுக்கப்பட்ட தொழிலில் முழு ஆடையும் ஒருவர் கைக்கு வருவதில்லை. மேலும், பின்னலாடை கண்ணிகளால் ஆனது. இழுத்த இழுப்புக்கு நெகிழ்ந்து கொடுக்கும். பாவும் ஊடையுமாக நெய்த ரவிக்கைத் துணியோ அரை அங்குலப் பிழையையும் பொறுத்துக்கொள்ளாது. பனியனில் பழகிய கை ரவிக்கையில் தடுமாறுவது இதனாலேயே.

தடுமாற்றத்தைப் பெருக்குவது 'அளவு ரவிக்கை' என்னும் வழக்கம். பழைய ரவிக்கையை விரித்து, அதன்மேல் புதுத் துணியை வெட்டுகிறோம். அப்பழைய ரவிக்கை என்றோ இருந்த உடலின் அளவு. துவைத்துத் துவைத்துச் சுருங்கியது. முன்னர் நேர்ந்த பிழைகளையும் தன்னுள் கொண்டது. அப்பிழைகளே புதியதிலும் தொடர்கின்றன. ஆடவர் அளவெடுக்கக் கூசிய பெண்கள் இவ்வழக்கத்தைக் கைக்கொண்டனர் எனின், அக்கூச்சம் மதிக்கத்தக்கதே. ஆனால் வீட்டில் தைக்கும்போது அதற்கு என்ன தேவை? தன் முதுகைத் தானே அளக்க இயலாது. தாயோ தமக்கையோ நாடாவைப் பிடித்தால் போதும்.

மார்புச் சுற்று ஒன்றை மட்டும் நம்புதலும் தவறு. 36 அங்குலம் உடைய இருவருள் ஒருவருக்கு முன்புறம் மிகுந்திருக்கும். மற்றவருக்கு முதுகு அகன்றிருக்கும். ஆகவே முன்னும் பின்னும் தனித்தனியே அளத்தல் வேண்டும். கை தூக்கும்போது ரவிக்கை மேலேறினால், கைக்குழியை இன்னும் ஆழமாக வெட்டுவோர் உளர். ஆழம் மிகுந்தால் கையோடு சேர்ந்து ரவிக்கை முழுதும் மேலெழும்; அக்குளை ஒட்டி அமைந்த குழியே கைக்கு எளிமை தரும். தோள் நழுவுவதற்குக் கழுத்தின் அகலம் மிகுதியாதலே பெரும்பாலும் காரணம். பருத்தி உள்துணியை நனைத்து உலர்த்திய பின்னரே வெட்டுதல் நன்று. முதலில் பழைய வேட்டித் துணியில் வெட்டி, நூலோட்டி, உடுத்திப் பார்த்துத் திருத்தினால் நல்ல துணி பாழாகாது. பக்கங்களில் ஓர் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால் பின்னர்ப் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம்.

சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தின்வழித் தமிழ்நாடு அரசு ஏழை மகளிர்க்கு இலவசத் தையல் இயந்திரங்களை வழங்கியுள்ளது. இயந்திரம் தைக்கும், அளக்காது. அளக்கவும் வெட்டவும் கற்பிப்பது நம் கடமை. மாணவியர்க்கு வாரம் ஒரு பிற்பகலைக் கல்லூரிகள் இதற்கென ஒதுக்கலாம். 'படிக்கும் பெண்ணுக்குத் தையல் எதற்கு?' எனச் சிலர் வினவக்கூடும். அளத்தல் கணக்கு, வெட்டுதல் வடிவியல், பிழையின் காரணத்தைத் தேடித் திருத்துதல் ஆய்வு. இவற்றுள் எது கல்விக்குப் புறம்பானது?

ஊர் உலகிற்கெல்லாம் ஆடை தைத்து அனுப்பும் நம் பெண்கள், தம் உடலுக்குப் பொருந்தும் ஆடையையும் தாமே அமைக்க வல்லவராதல் வேண்டும். ஒரு துண்டை மட்டும் அறிந்த கை அத்துண்டுக்குரிய கூலியையே பெறும். முழுமையும் அறிந்த கை, வீட்டுத் திண்ணையிலேயே தொழில் தொடங்கும். பெற்றோரும் சமுதாயப் பெரியோரும் இதனை எண்ணிப் பார்ப்பார்களாக.