இருமுறை கட்டப்படும் சுவர்

இலக்கியம் பேசும் இடத்தில் சிமெண்டுக்கு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். சேந்தமங்கலத்தில் நின்று கிழக்கே பார்த்தால் கொல்லிமலை. அம்மலைக்கான 20 மெகாவாட் நீர்மின் திட்டத்தில், மலையைக் குடைந்து நீர் கொண்டுசெல்லும் சுரங்கமும் ஒரு பகுதி. ஆகவே சுரங்கச் சுவர் எதனால் ஆகிறது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

குடைந்த பாறைமீது கான்கிரீட்டைக் காற்றழுத்தத்தால் பீய்ச்சி அடிக்கிறார்கள். பொறியாளர் மொழியில் ஷாட்கிரீட். இதன் மூதாதையான சிமெண்டுத் துப்பாக்கியை 1907-இல் உருவாக்கிய கார்ல் ஏக்லி, சிகாகோ அருங்காட்சியகத்தில் விலங்குகளைப் பாடம் செய்தவர்! யானைகளுக்கு உயிர்த்தோற்றம் தந்த கை அது.

ஷாட்கிரீட்டுக்குச் சிமெண்டுப் பசி அதிகம். கனமீட்டருக்குப் பெரும்பாலும் 400 கிலோவுக்கு மேல். அடித்ததில் ஒரு பங்கு ஒட்டாமல் தெறித்து வீணாகும். உலர்கலவை முறையில் இந்த வீண் மிகுதி, ஈரக்கலவையில் குறைவு. ஒரு டன் சாதாரண சிமெண்டு ஏறத்தாழ 0.8 முதல் 0.9 டன் கரியமிலவாயுவை வெளியிடுகிறது. அதில் பாதிக்கு மேல் சூளையின் எரிபொருளால் வருவதன்று, சுண்ணாம்புக்கல்லே சிதைந்து விடுவது. எரிபொருளை மாற்றினால் மட்டும் தீராது; சிமெண்டையே குறைத்தாக வேண்டும்.

எங்கள் பார்வையில் பெரிய விரயம் வேறிடத்தில் இருக்கிறது. 2013-இல் திறக்கப்பட்ட 11.2 கிலோமீட்டர் பீர் பஞ்சால் ரயில் சுரங்கம் போன்றவற்றில், ஷாட்கிரீட்டுக்கு உள்ளே இன்னொரு கான்கிரீட் சுவரும் வார்க்கப்பட்டது. இமயத்தின் நொறுங்கும் பாறையில், நீர்க்கசிவில், அதைக் குறைசொல்வதற்கில்லை. ஆனால் நார்வேயின் கெட்டிப் பாறையில் எஃகு இழை கலந்த ஷாட்கிரீட்டும் பாறை ஆணிகளுமே பெரும்பாலும் நிரந்தரத் தாங்கல். பாறையின் தரத்தை எண்ணாக மதிப்பிட்டு, எவ்வளவு தாங்கல் போதும் என்று சொல்லும் 'க்யூ' முறையை 1974-இலேயே அங்கு வகுத்துவிட்டார்கள். கொல்லிமலையின் சார்னோக்கைட்டும் கெட்டிப் பாறைதான். வெடிப்பில்லாத இடங்களில் அதற்கு இரட்டைச் சுவர் எதற்கு?

அடுத்து சாம்பல். மேட்டூர் அனல்மின் நிலையம் தொலைவில் இல்லை. அதன் உலைச்சாம்பலைச் சிமெண்டின் ஒரு பங்குக்கு ஈடாகக் கலக்கலாம், விலையும் குறைவு. சாம்பல் கலந்தால் தொடக்க இறுக்கம் தாமதப்படும் என்பது மெய்யான ஆட்சேபம். கூரைக்கடியில் ஆட்கள் நிற்கிறார்கள், சில மணி நேரத்தில் அது தாங்கியாக வேண்டும். எனவே முதல் அடுக்கில் சாம்பலைக் குறைத்துப் பின்னடுக்குகளில் கூட்டலாம் என்கிறோம்.

கனமீட்டர் கணக்கில் மட்டும் பணம் தரும் ஒப்பந்தத்தில், குறைவாகப் பீய்ச்சுபவருக்கு என்ன ஆதாயம்? ஒப்பந்தப்புள்ளி கோரும்போதே விலையோடு கலவையின் கரிக் கணக்கையும் கேட்கட்டும்.