ஒரு குரங்கை முழுசாகப் படியுங்கள்

இது கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாகப் படிக்கவும். வீட்டில் ஜெர்மன் படிக்கும் பிள்ளை இருந்தால் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு படியுங்கள்.

என் தங்கை மகள் பி.எஸ்சி. நர்ஸிங் முடித்தவள். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போகவேண்டும் என்று ஜெர்மன் படிக்கிறாள். நம் திண்டுக்கல் பக்கம் இப்போது இது புதுசு இல்லை. சென்னையில் மேக்ஸ் முல்லர் பவன் வெகுகாலமாகச் சொல்லித் தருகிறது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஜெர்மன் பயிற்சி கொடுக்கிறது. ஆன்லைன் வகுப்புகளுக்குக் கணக்கே இல்லை. ஏ1 முதல் சி2 வரை மொத்தம் 6 படி. அங்கே நர்ஸாகப் பதிவாகப் பொதுவாக 4வது படியான பி2 கேட்கிறார்கள்.

இவள் 3வது படியான பி1ல் எழுத்துத் தேர்வில் தவறிவிட்டாள். நகையை அடகு வைத்துத்தான் என் தங்கை ஃபீஸ் கட்டியிருந்தாள். போன மாசம் வந்தவள், "பெரியம்மா, எனக்கு இது வராது. விட்டுடலாம்னு இருக்கேன். அம்மாகிட்ட நீங்கதான் சொல்லணும்" என்று அழுதாள்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். பக்கம் பக்கமாகக் கட்டம் போட்டு, டேர், டேன், டேம், டெஸ் என்று முப்பது தடவை எழுதியிருக்கிறாள். "மனப்பாடம் பண்ணு, தானா வரும்" என்று வகுப்பில் சொன்னார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. ஏனென்றால் நானும் அப்படித்தான் சொல்லித் தந்தேன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்தவர்களுக்கு நினைவிருக்கும். "ஐ, ஆல், கு, இன், அது, கண்" என்று ராகம் போட்டுச் சொல்ல வைப்பேன். தப்பினால் பிரம்பு. ராகம் உங்களுக்கு இன்னும் மறந்திருக்காது. ஆனால் அது எதற்கு என்று எத்தனை பேருக்குப் புரிந்தது?

எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் அந்தக் கட்டம் வேற்றுமைதான் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. "இத்தனை கட்டமும் வேண்டாம். ஒரே ஒரு விலங்கை எடு. அதை முழுசாகப் படிப்போம்" என்றேன். சிறுமலை போகும் வழியில் உட்கார்ந்திருக்குமே, அந்தக் குரங்கை எடுத்துக்கொண்டோம். ஜெர்மனில் அது 'டேர் அஃபெ'.

முதலில் பால். நமக்குக் குரங்கு அஃறிணை. பெண் குரங்குக்கு மந்தி, ஆண் குரங்குக்குக் கடுவன் என்று தனிப் பெயர்கள் உண்டு. தொல்காப்பியத்தில் மரபியல் என்று ஒரு இயலே இந்தப் பெயர்களைச் சொல்கிறது. ஆனாலும் மந்தி வந்தது, கடுவன் வந்தது என்றுதான் வினை முடியும். ஜெர்மனில் பால் என்பது விலங்குக்கு இல்லை, சொல்லுக்கு. குரங்கு, நாய் இரண்டும் ஆண்பால் சொல். பூனை பெண்பால் சொல். குதிரை இரண்டும் இல்லாத மூன்றாவது பால். ஆண் பூனை ஒன்று எதிரே வந்தாலும் பூனை என்ற சொல் பெண்பால்தான். சிறுமி என்பதற்கான சொல்கூட மூன்றாவது பாலாம். "இது அநியாயம் இல்லையா பெரியம்மா?" என்றாள். "நாமும் குழந்தை அழுதது என்றுதானே சொல்கிறோம்?" என்றேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

அடுத்தது பன்மை. நமக்குக் 'கள்' சேர்த்தால் முடிந்தது. அங்கே நாய் ஹுண்ட், நாய்கள் ஹுண்டெ. பூனை காட்ஸெ, பூனைகள் காட்ஸென். கோழிக்கோ நடுவில் இருக்கும் உயிரெழுத்தின் ஒலியே மாறுகிறது. இந்த இரண்டுக்கும் தமிழ் உதவாது, மனப்பாடம்தான். ஆனால் சொல்லைத் தனியாக மனப்பாடம் பண்ணாதே என்றேன். இனிஷியல் இல்லாமல் யாராவது பேர் எழுதுவார்களா? முன்னால் டேர், பின்னால் பன்மை, மூன்றையும் ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். டேர் அஃபெ, டீ அஃபென். குரங்கு, குரங்குகள்.

மூன்றாவது வேற்றுமை. அங்கேதான் அவள் திணறினாள், அங்கேதான் நம் தமிழ் கைகொடுத்தது. நமக்கு வேற்றுமை 8, அவர்களுக்கு 4தான். நாம் சொல்லின் கடைசியில் ஒட்டுவோம். அவர்கள் பெரும்பாலும் முன்னால் இருக்கும் சின்னச் சொல்லை மாற்றுகிறார்கள். குரங்கு என்றால் டேர் அஃபெ. குரங்கை என்றால் டேன் அஃபென். குரங்குக்கு என்றால் டேம் அஃபென். குரங்கினது வால் என்று சொல்லும்போது டெஸ் அஃபென்.

"எல்லாத்துக்கும் கடைசியில் ஒரு ன் வருதே, எல்லாமே பன்மையா?" என்று கேட்டேன். இல்லையாம். 'எ' என்று முடியும் ஆண்பால் உயிர்ப் பெயர்கள் பெரும்பாலும் இப்படித்தானாம். சிங்கம், முயல், எருது எல்லாம் இந்தக் கூட்டம். அந்த ஒலியில் முடியாத கரடியும் யானையும்கூட இதில் சேர்த்தி.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. 'டேன் அஃபென்' என்பது 'குரங்கை' என்றும் வரும், 'குரங்குகளுக்கு' என்றும் வரும். எழுத்துத் தேர்வில் அவள் தடுமாறியது இந்த மாதிரி இடத்தில்தான். "வினையைப் பார். பார்த்தேன் என்றால் எதைப் பார்த்தேன்? குரங்கை. கொடுத்தேன் என்றால் எதற்குக் கொடுத்தேன்? குரங்குகளுக்கு, பழத்தை" என்றேன். சிறுமலைப் பழத்தைத்தான் சொன்னேன். நிஜக் குரங்குகளுக்குக் கொடுக்காதீர்கள்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு நோட்டில் குரங்கை அடித்துவிட்டு 'பட்சியென்ட்' என்று எழுதினாள். நோயாளி. அதுவும் இதே கூட்டம்தானாம். டேம் பட்சியென்டென் என்றால் ஒரு நோயாளிக்கு. மருந்து கொடு என்று சொல்லும்போது டேன் பட்சியென்டென் என்று வந்தால் நோயாளிகளுக்கு. "பெரியம்மா, மருந்து ஒருத்தருக்கா, பல பேருக்கா என்பதே இந்த ம், ன் வித்தியாசத்தில் இருக்கு" என்றாள். அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஒரு நர்ஸுக்கு இது மார்க் சம்பந்தப்பட்ட விஷயம் மட்டும் இல்லை.

சிலர் சொல்வார்கள், ஜெர்மன் இங்கிலீஷுக்குத்தான் சொந்தம், தமிழை நடுவில் கொண்டுவந்தால் குழப்பம் என்று. சொற்களுக்கு அது சரி. வேற்றுமைக்குச் சரி இல்லை. இங்கிலீஷில் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு அநேகமாகத் தேய்ந்துவிட்டது. நமக்கு அது தினமும் வாயில் இருக்கிறது. நாம் 'உனக்கு உதவுகிறேன்' என்று கு போடுகிறோம், ஜெர்மனிலும் உதவிக்கு அதே வேற்றுமை. நாம் 'எனக்குப் பிடிக்கும்' என்கிறோம், அவர்களும் 'எனக்கு' என்றே சொல்கிறார்கள். குளிரும்போது ஜெர்மன்காரர் சொல்வது 'மீர் இஸ்ட் கால்ட்'. அப்படியே 'எனக்குக் குளிருது'தான். இங்கிலீஷ் வழியாக யோசிக்கிற பிள்ளை இதில் தப்புவிடும். தமிழ் வழியாக யோசிக்கிற பிள்ளைக்குச் சுலபம். எல்லா இடத்திலும் ஒத்துவராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாம் 'டீச்சரிடம் கேட்டேன்' என்போம், அவர்கள் 'டீச்சரைக் கேட்டேன்' என்பார்கள். அப்படி மாறுகிறவற்றை மட்டும் தனியாகக் குறித்து வைத்தால் போதும்.

1706ல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கிய ஜெர்மன்காரர் சீகன்பால்கு, பள்ளிச் சிறுவர்களோடு மணலில் உட்கார்ந்து நம் எழுத்தைப் பழகினார் என்று படித்திருக்கிறேன். 10 வருஷத்தில் தமிழ் இலக்கண நூல் ஒன்றை லத்தீனில் எழுதி, 1716ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அச்சிட்டார். தனக்குப் பழக்கமான மொழியின் வழியாகத்தான் அவர் நம் மொழியை விளக்கினார். நம் பிள்ளைகள் மட்டும் தன் மொழியை வாசலில் விட்டுவிட்டு ஏன் வகுப்புக்குள் போக வேண்டும்?

அதனால் நான் கேட்டுக்கொள்வது இதுதான். படிக்கிற பிள்ளைகளே, நூறு சொல்லைப் பாதி படிப்பதைவிட ஒரு குரங்கை முழுசாகப் படியுங்கள். பெற்றவர்களே, ஆறே மாதத்தில் ஜெர்மனி என்று யாராவது சொன்னால் உடனே நகையைக் கழற்றாதீர்கள். உங்கள் பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று முதலில் கேளுங்கள். என்னிடம் படித்து இப்போது ஆசிரியராக இருப்பவர்களே, வேற்றுமையை மார்க் குறைவு என்று தள்ளிவிடாதீர்கள். நான் செய்த மாதிரி ராகம் மட்டும் போட்டும் விட்டுவிடாதீர்கள். குரங்கை, குரங்குக்கு, குரங்கினது என்று ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல வையுங்கள். பிரம்படி வாங்கிய பிள்ளைகளிடம் இந்த டீச்சர் மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கை மகள் போன வாரம் மறுபடியும் தேர்வு எழுதிவிட்டு வந்தாள். ரிசல்ட் இன்னும் வரவில்லை. எப்படி எழுதினாய் என்று கேட்டேன். "இந்தத் தடவை கட்டத்தை நினைக்கலை பெரியம்மா. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஐ-யா, கு-வான்னு கேட்டுக்கிட்டே எழுதினேன்" என்றாள். தங்கையிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டி வராது என்று நினைக்கிறேன்.

ஜெர்மனியில் இருக்கும் நம் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், நான் எழுதியதில் தப்பு இருந்தால் திருத்துங்கள். டீச்சருக்கும் இப்போதுதான் ஏ1.

அன்புடன்,
உங்கள் டீச்சர்