நூறு வெள்ளிக் கடன்

ஜொகூர் பாருவிலிருந்து கோத்தா திங்கி செல்லும் சாலையில் உலு திராமைக் கடந்திருப்பீர்கள். அங்கே, செம்பனைக்கு அருகிலிருந்த ஒரு சிறிய தமிழ்த் திருச்சபையில் வளர்ந்தவன் நான். 'கிருபை' என்ற சொல்லை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும் முன்பே கேட்டுப் பழகியிருந்தேன். அதன் பொருளைக் கற்றதோ பல்கலைக்கழக விடுதியில், அதுவும் ஒரு கடன் விவகாரத்தில்.

முதலாண்டில் அறைத்தோழன் ஒருவன் என்னிடம் 100 வெள்ளி கைமாற்று வாங்கினான். மூன்று மாதமாகியும் தரவில்லை. ஒருநாள் சிற்றுண்டிச்சாலையில், நான்கு பேர் முன்னிலையில் உரக்கவே கேட்டுவிட்டேன். அவன் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். அன்றிரவே ஜெபக் கூட்டத்தில் தேவ கிருபையைப் பற்றி நான் உருக்கமாகச் சாட்சி கூறினேன் என்பதை எழுத இப்போதும் கை கூசுகிறது.

சில வாரங்கள் கழித்து மத்தேயு 18-ஆம் அதிகாரத்தை வாசித்தேன். எசமான் 10,000 தாலந்துக் கடனை மன்னிக்கிறான். மன்னிக்கப்பட்டவனோ தனக்குக் கடன்பட்ட உடன் ஊழியக்காரனின் கழுத்தை நெரிக்கிறான். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்தச் சிறு கடன் 100 வெள்ளிப்பணம்! ரிங்கிட்டை வெள்ளி என்றே சொல்லி வளர்ந்த எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அக்காலத்தில் ஒரு வெள்ளிப்பணம் ஒருநாள் கூலி. ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 நாள் கூலி. கணக்குப் போட்டுப் பாருங்கள், எத்தனை பிறவி உழைத்தாலும் அடையாத கடன் அது.

நம்மில் பலர் பி.டி.பி.டி.என். கடனில் படிப்பவர்கள். முதல் வகுப்பில் தேறினால், நிபந்தனைகளுக்கு உட்பட்டு, அதைத் திருப்பிச் செலுத்துவதிலிருந்து விலக்குக் கிடைக்கும். அது உழைப்புக்கான பரிசு. கிருபை என்பது தேர்வில் தவறியவனின் கடன் தள்ளுபடியாவது. எனக்கு உறைக்காமல் போனது இந்த வேறுபாடுதான்.

அப்படியானால் கிருபை பெற்றவன் சும்மா இருக்கலாமா? இக்கேள்வி கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரியதன்று. தாயை இறுகப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டியை வடகலையார் காட்ட, தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டியைத் தென்கலையார் காட்டினர். வைணவக் குடும்பத்தில் 1827-இல் பிறந்து, 1858-இல் ஞானஸ்நானம் பெற்ற எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை இந்த வாதத்தை அறியாமலா இருந்திருப்பார்? ஜான் பனியனின் கதையைத் தழுவி 1894-இல் அவர் வெளியிட்ட 'இரட்சணிய யாத்திரிகம்' எனக்கு ஒரு விடையைத் தந்தது. சிலுவையண்டை பயணியின் பாவச்சுமை விழுந்துவிடுகிறது. ஆனால் கதை அங்கே முடிவதில்லை. நெடுவழி இன்னும் இருக்கிறது. இனி அவன் நடப்பது சுமையை இறக்குவதற்காக அன்று, சுமை இறங்கிவிட்டதால்.

நம் இளையோர் கூட்டங்களில் 'கிருபையில் வளர்தல்' என்றால் எத்தனை முகாம், எத்தனை மணிநேர ஜெபம் என்று எண்ணத் தொடங்கிவிடுகிறோம். அவை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; அந்த முகாம்களில் வளர்ந்தவன்தான் நானும். எனினும் ஒருவன் வளர்ந்திருக்கிறானா என்பதை அவனுக்குக் கடன்பட்டிருப்பவனிடம் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. என் அறைத்தோழனை அன்று கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்?

சிற்றுண்டிச்சாலையில் இருந்த அந்த நால்வரையும் மறுபடி அழைத்து, அவர்கள் முன்னிலையிலேயே அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். (மூவர்தாம் வந்தனர், ஒருவன் வகுப்பு இருக்கிறதென்று நழுவிவிட்டான்.) பணத்தை மறந்துவிடச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை.

பட்டமளிப்பு நாளன்று ஓர் உறையை நீட்டினான். உள்ளே 100 வெள்ளி. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மறுத்தால், இரண்டாம் முறையும் அவனைத் தலைகுனிய வைத்துவிடுவேனோ என்று தோன்றியது. வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். பிறகு அவன் அம்மா கட்டிக்கொண்டு வந்திருந்த நாசி லெமாக்கை மண்டபத்துக்கு வெளியே மரத்தடியில் உட்கார்ந்து இருவரும் சாப்பிட்டோம்.