பரிசு யாருக்கு?

பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் போட்டி என்றால், அது பட்டணத்துப் பணக்காரர்களின் சமாச்சாரம் என்றே முள்ளிப்பட்டு நெசவாளத் தோழர்கள் பலர் எண்ணி வருகிறார்கள். இது சுத்தத் தவறு என்போம்.

நமது ஜில்லாவின் தலைநகராகிய திருவண்ணாமலையில், தெருவோர இஸ்திரி வண்டியில் கரி எரிவதைக் கண்ட மாணவி வினிஷா உமாசங்கர், சூரிய வெளிச்சத்தால் இயங்கும் வண்டியொன்றைத் திட்டமிட்டார். அதற்காக 2020-ல் சுவீடன் தேசத்துப் பரிசு பெற்றார். 2021-ல் கிளாஸ்கோ மகாநாட்டில் உலகத் தலைவர்கள் முன் பேசினார். இது கடவுள் கடாட்சத்தாலா? கண்ணால் கண்டதை "ஏன்?" என்று கேட்டதாலல்லவா?

நிற்க, மத்திய சர்க்காரின் 'இன்ஸ்பயர் மானக்' திட்டத்தில், 6-ம் வகுப்பு முதலான பிள்ளைகளின் யோசனை தேர்வானால், மாதிரி செய்ய 10,000 ரூபாய் கொடுக்கப்படுகின்றது. யோசனையை அனுப்ப வேண்டியது பள்ளிக்கூடம். அங்கே சோம்பல் இருந்தால் பிள்ளையின் புத்தி வீட்டோடு போயிற்று. கடையில் வாங்கிய மாதிரியைக் காட்டிப் பரிசு பெறுவதோ அதனினும் கேடு.

தறி வீட்டுப் பிள்ளைக்கு யோசனைக்கா பஞ்சம்? ஜக்கார்டு பெட்டியின் துளை அட்டையைப் பார்த்தே 19-ம் நூற்றாண்டில் பாபேஜ் என்பவர் தமது கணக்கு யந்திரத்துக்கு வழி கண்டார். தாயின் தோள்வலி, தகப்பனின் கண்ணெரிச்சல், சாயத்தண்ணீர் ஓடும் சாக்கடை ஆகிய யாவும் விஞ்ஞானக் கேள்விகளே.

ஆகவே பெற்றோர்களே! ஆயுத பூஜையன்று தறிக்குப் பொட்டு வைத்தது போதும். தலைமையாசிரியரிடம் சென்று, "எங்கள் பிள்ளைகளின் யோசனைகளை அனுப்பினீர்களா?" என்று கேளுங்கள். இது பிச்சையல்ல, உரிமை.