ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுப்போம்

நம் ஊரின் மணிமுத்தாற்றில் இட்ட பன்னீராயிரம் பொன்னைச் சுந்தரர் திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்பது தொன்றுதொட்டு வழங்கும் வரலாறு. எடுத்த பொன்னை உரைத்துப் பார்த்தபோது மாற்றுக் குறைந்திருந்தது என்றும், பாடிய பின்னரே அது நிறைவுற்றது என்றும் சேக்கிழார் வழி அறிகிறோம். ஓரிடத்தில் இட்டதைப் பிறிதோரிடத்தில் எடுத்தல், எடுத்ததன் மாற்றை உரைத்துப் பார்த்தல் ஆகிய இவ்விரண்டுமே செய்தித் தொடர்பின் இலக்கணம் எனலாம். முதலாவதை அறிவியல் நமக்குத் தந்துவிட்டது. இரண்டாவதைத் தமிழுக்காகச் செய்ய வேண்டியவர்கள் தமிழர்களே. இதனை வலியுறுத்துவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஹாம் வானொலி என்பது வணிக நோக்கமின்றி, அரசின் தேர்வில் வென்று உரிமம் பெற்ற தனி மனிதர் தம் இல்லத்திலிருந்தே உலகத்தோடு உரையாடும் கலை. பன்னிரண்டு வயது நிரம்பியவர் எவரும் இத்தேர்வை எழுதலாம். இதற்குத் தொலைபேசிக் கம்பியும் வேண்டா, கைபேசிக் கோபுரமும் வேண்டா. ஒரு கருவி, ஒரு மின்கலம், இரு மரங்களுக்கிடையே கட்டிய கம்பி ஆகியவை போதும். அக்கம்பியின் இருமுனைகளிலும் மின்சாரம் கசியாமல் காப்பது பீங்கான். சூளைகள் நிறைந்த நம் ஊருக்கும் இக்கலைக்கும் உள்ள உறவு அத்துணை அண்மையானது.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை எழுந்தபோது, தில்லியைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்னும் பெண்மணி தம் குழுவினருடன் அந்தமானின் போர்ட் பிளேயரில் ஹாம் வானொலி நிலையம் அமைத்திருந்தார். தொலைபேசிகள் வாய்மூடிய வேளையில், தீவிலிருந்தோரின் நலச்செய்திகளை அந்நிலையமே தாயகத்திற்குக் கொண்டுசேர்த்தது. அதே அலை நம் கடலூர்க் கரையையும் சூறையாடியது. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த தானே புயல், முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்து மாவட்டத்தையே இருளில் ஆழ்த்தியது. 2013 ஜூலையில் தந்திச் சேவையும் விடைபெற்றது. புயல் நம் மாவட்டத்திற்குப் புதியதன்று, இனியும் வரும். அன்று செய்தி எவ்வழியே செல்லும், எம்மொழியில் செல்லும் என்பதே வினா.

இன்று ஹாம் வானொலியில் பேச்சைவிட எழுத்தே மிகுந்த தொலைவு செல்கிறது. இரைச்சலில் குரல் மூழ்கும் இடத்திலும், கணிப்பொறி தரும் எழுத்து ஊடுருவிச் செல்லும். இணைக்கும் முறையும் எளிதே. வானொலிக் கருவியின் ஒலி வெளிவரும் துளையிலிருந்து ஒரு கம்பியைக் கணிப்பொறியின் ஒலி உள்வாங்கும் துளைக்குக் கொடுக்க வேண்டும். கணிப்பொறியின் காதணித் துளையிலிருந்து மற்றொரு கம்பியை வானொலியின் மைக் துளைக்குக் கொடுக்க வேண்டும். இரண்டிற்கும் இடையே சிறு மின்மாற்றி ஒவ்வொன்று அமைத்தால், இரு கருவிகளின் மின்னோட்டங்களும் கலந்து எழுப்பும் ரீங்காரம் அடங்கும். பேசும் பொத்தானை அழுத்தும் வேலையைக் கணிப்பொறியின் சீரியல் போர்ட் அல்லது யு.எஸ்.பி. வழியே ஒரு டிரான்சிஸ்டர் செய்துவிடும். ஒலியளவைக் கூட்டிவிடாமல் காப்பது ஒன்றே கவனம் வேண்டும் இடம். கூடினால், அண்டை அலைவரிசையில் உள்ளோருக்கு அது தொல்லையாகும்.

இவ்வாறு இணைத்தபின் தட்டச்சு செய்யும் எழுத்து ஒலியாகி, ஒலி அலையாகி, மறுமுனையில் மீண்டும் எழுத்தாகும். இங்கிலாந்தின் பீட்டர் மார்ட்டினெஸ் 1998இல் அளித்த பி.எஸ்.கே. 31 என்னும் முறை இவற்றுள் புகழ் பெற்றது. இதில் நொடிக்கு 31.25 துடிப்புகள் செல்லும். மோர்ஸ் முறையைப் போலவே, ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் எழுத்துக்குக் குறுகிய குறியீட்டை அவர் வைத்தார். 'ஈ' என்னும் ஆங்கில எழுத்துக்கு இரண்டே துடிப்புகள். இடைவெளிக்குரிய இரண்டையும் சேர்த்தால் நான்கு. நொடியில் எட்டிலொரு பங்கில் அது சென்றுவிடும்.

தமிழ் எழுத்தின் நிலை என்ன? யுனிகோடின் யு.டி.எஃப். 8 முறையில் 'க' என்பதற்கு மூன்று பைட்டுகள். 'கி' என்பதற்குக் ககரமும் இகரக் குறியும் தனித்தனியே குறிக்கப்படுவதால் ஆறு பைட்டுகள். ஒவ்வொரு பைட்டும் அம்முறையில் பன்னிரண்டு துடிப்புகளுக்குக் குறையாது. ஆகவே 'கி' என்னும் ஓரெழுத்து செல்ல இரண்டு நொடிக்கு மேல் ஆகும். நோபல் பரிசு பெற்ற இயற்பியலறிஞர் ஜோசப் டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்கும் 2017இல் அளித்த எஃப்.டி. 8 முறையிலோ தமிழுக்கு இடமே இல்லை. ஆங்கில எழுத்தும் எண்ணும் சில குறிகளும் மட்டுமே அதில் செல்லும்.

"ஆங்கில எழுத்திலேயே தமிழை எழுதினால் என்ன?" என்பார் உளர். 'வி, ஏ, எல், ஐ' என்று அடித்துப் பாருங்கள். பெறுபவர் அதனை வலி என்று படிப்பதா, வளி என்று படிப்பதா, வழி என்று படிப்பதா? ஒன்று மருத்துவரை அழைக்கும். ஒன்று காற்றை எச்சரிக்கும். ஒன்று பாதையைக் காட்டும். புயல் இரவில் இம்மூன்றும் ஒன்றாகிவிட்டால் உயிர் அல்லவா விலையாகும்? பொன் போய்ச் சேர்ந்தது, மாற்றுக் குறைந்துவிட்டது.

இதற்கான தீர்வு தொல்காப்பியத்திலேயே உள்ளது என்பது என் துணிபு. முதலெழுத்து முப்பது, அவற்றுடன் ஆய்தம் சேர முப்பத்தொன்று. உயிர்மெய் என்பது மெய்யும் உயிரும் கூடிய கூட்டு. 247 எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறியீடு தேவையில்லை. மார்ட்டினெஸின் விதிப்படி ஏழு துடிப்புகளுக்கு உட்பட்டு அமையும் குறியீடுகளை எண்ணினால் முப்பத்து மூன்று கிடைக்கும். முப்பத்தோரெழுத்தும் சொல்லிடைவெளியும் அவற்றுள் அடங்கி, ஒன்று எஞ்சும்! எட்டுத் துடிப்புக் குறியீடுகள் மேலும் இருபத்தொன்று உள. எண்களும் கிரந்த எழுத்துகளும் அவற்றில் அமரலாம். அவ்வாறாயின் 'கி' என்பது எவ்வளவு நீண்டாலும் பதினெட்டுத் துடிப்பு, ஏறத்தாழ அரை நொடி. இப்போது ஆகும் காலத்தில் நாலிலொரு பங்கு.

இதில் பொறியாளர் செய்ய வேண்டியது சிறிதே. எவ்வெழுத்துக்கு எக்குறியீடு என்று வகுக்க, நாளேட்டிலும் பேச்சிலும் எவ்வெழுத்து எத்தனை முறை வருகிறது என்று எண்ண வேண்டும். அது தமிழ்த் துறையின் பணி. குறியீட்டு அட்டவணையை வெளிப்படையாக அச்சிட்டு எல்லார்க்கும் அறிவிக்கவும் வேண்டும். ஏனெனில் பொருளை மறைக்கும் சங்கேதத்திற்கு ஹாம் வானொலியில் அனுமதி இல்லை. அதுவும் துறை இதழ்களால் இயல்வதே.

எழுத்தைத் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. அரபு எழுத்தில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளிகளும் குறிகளும் சேர்த்து, அரபுத்தமிழ் என்னும் எழுத்துமுறையை எம் முன்னோர் கண்டனர். ழகரத்தை விட்டுவிடுவோம் என்று அவர்கள் எண்ணவில்லை. அதற்கும் ஓரெழுத்தைப் படைத்தனர். எழுத்து வேறாயினும் மொழியின் மாற்றுக் குறையாமல் காத்த அந்த அக்கறையே இன்றும் வேண்டும்.

கருவி விலை மிகுதி, மாணவர்க்கு நேரமில்லை, இது அறிவியல் துறையின் வேலை என்று தடை சொல்வோர் இருப்பர். கேட்பதற்கு உரிமம் பெற்றவர் துணையும் பழைய கணிப்பொறியும் இருந்தால் தொடங்கலாம். எழுத்தை எண்ணுவதற்கோ தாளும் எழுதுகோலும் போதும். ஆய்வேடு ஒன்றிற்கு இதைவிடப் பயனுள்ள பொருள் உண்டோ? இயற்பியல் மாணவர் கம்பியை இணைக்கட்டும். தமிழ் மாணவர் எழுத்தை இணைக்கட்டும். இரு துறையும் ஒரே மேசையில் அமரட்டும்.

அடுத்த புயல் நம்மைக் கேட்டுக்கொண்டு வாராது. அது வரும்போது இங்கிருந்து செல்லும் 'வழி' அங்கு 'வழி'யாகவே சேர வேண்டும். ஆற்றில் இட்டதைக் குளத்தில் எடுப்போம். மாற்றுக் குறையாமல் எடுப்போம்.