பிரெஞ்சில் ‘வா’ என்றால் போ

புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: பிரெஞ்சுக்காரர் ‘வா’ என்றால் ‘போ’ என்று பொருள். சிரிப்பார்கள். அந்தச் சிரிப்போடு ஒரு சொல் மனதில் தங்கிவிடும்.

புதுச்சேரி குருசுக்குப்பத்தில், வீட்டு மாடியில் 22 ஆண்டுகளாக பிரெஞ்சு டியூஷன் எடுக்கிறேன். அப்பா சொல்தா. பிரெஞ்சுப் படையிலிருந்து ஓய்வு பெற்று வந்தவர். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக் கிளம்பும்போது வாசலில் நின்று “அலோன்!” என்பார். போகலாம் என்று அர்த்தம். அது ‘அலே’ என்ற வினைச்சொல்லின் ஒரு வடிவம் என்பது பள்ளிக்கூடத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே அது அட்டவணையாக வந்தது: நான் என்றால் ‘வே’, நீ என்றாலும் அவன் என்றாலும் ‘வா’, நாங்கள் என்றால் ‘அலோன்’, நீங்கள் என்றால் ‘அலே’, அவர்கள் என்றால் ‘வோன்’. இனிமேல் போவேன் என்பதற்கு ‘இரே’. ஒன்றுக்கொன்று ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஏன் என்று யாரும் சொல்லவில்லை.

சென்ற ஜூனில் ஒரு மாணவி, பள்ளியில் கொடுத்த இம்போசிஷனோடு வந்தாள். அதே அட்டவணை, ஐம்பது முறை. தேர்வில் அவள் ‘நான் போகிறேன்’ என்பதற்கு ‘ஜால்’ என்று எழுதியிருக்கிறாள். எனக்கு அது மதிப்பான தவறாகவே பட்டது. சாப்பிடுவதற்கு ‘மான்ஜே’, நான் சாப்பிடுகிறேன் என்பதற்கு ‘ஜெ மான்ஜ்’. அந்த வழியில் ‘அலே’ ‘ஜால்’ ஆகத்தானே வேண்டும்? அப்படி முடியும் வினைகளில் ஆயிரக்கணக்கானவை அந்த வழியில்தான் நடக்கின்றன. அவள் யோசித்திருக்கிறாள். அதற்குத் தண்டனை ஐம்பது முறை.

நோட்டை மூடச் சொல்லிவிட்டு இதைச் சொன்னேன். ரோமானியப் படைகளோடு லத்தீன் இன்றைய பிரான்ஸ் மண்ணுக்கு வந்தது. போவதற்கு அதில் பல சொற்கள். ‘ஈரே’ போவது, ‘வாதெரே’வும் செல்வதுதான், ‘அம்புலாரே’ நடப்பது. ஈரே மிகச் சிறிய சொல். பேச்சில் தேய்ந்து காதில் விழாத அளவுக்குப் போனபோது, மற்றச் சொற்கள் அதன் இடங்களில் வந்து உட்கார்ந்தன. வே, வா, வோன் மூன்றும் வாதெரேயின் பிள்ளைகள். ஈரே எதிர்காலத்தில் ‘இரே’யாக உயிரோடு இருக்கிறது. அலோன், அலே இரண்டும் அம்புலாரேயிலிருந்து வந்தவை என்று பலர் கருதுகிறார்கள். அதில் மட்டும் அறிஞர்களிடையே வழக்கு இன்னும் தீரவில்லை. தியேட்டர் கதவில் எழுதியிருக்கும் ‘எக்ஸிட்’டில் ஈரே இருக்கிறது. தெருவில் ஓடும் ஆம்புலன்ஸில் அம்புலாரே இருக்கிறது, ஏனென்றால் அது முதலில் போர்முனையில் படையோடு நகர்ந்த மருத்துவமனையின் பெயர். இவ்வளவும் சொல்லப் பத்து நிமிடம் ஆனது.

பிரெஞ்சைத் தமிழ்ப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வழியாகக் கற்பிப்பதை நாம் நிறுத்த வேண்டும். ஆங்கிலத்தில் நானும் நீயும் அவர்களும் ‘கோ’தான், அவன் போனாலும் அவள் போனாலும் ‘வென்ட்’தான். அந்தப் பழக்கத்தோடு வரும் பிள்ளைக்கு பிரெஞ்சு வினை மாறுவது வேண்டாத தொல்லையாகத் தெரிகிறது. போகிறேன், போகிறாய், போகிறார்கள் என்று மூன்று வயதிலேயே பேசிய பிள்ளைக்கு அதில் என்ன அதிசயம்? நீ, நீங்கள் என்ற மரியாதை வேற்றுமை பிரெஞ்சிலும் அப்படியே உண்டு. ‘அவள் போனாள்’ என்று எழுதும்போது ‘அலே’யின் முடிவில் இன்னொரு ‘எ’ சேர்க்க வேண்டும். காதில் கேட்காத எழுத்து, அதனால்தான் மதிப்பெண் அங்கே போகிறது. ‘போனாள்’ என்பதன் ‘ஆள்’தான் அந்த எழுத்து என்று சொன்னால் மறக்க மாட்டார்கள்.

‘அங்கே போ’ என்பதற்கு வெறும் ‘வா’வோடு ‘ஈ’யைச் சேர்த்தால் நடுவில் ஒரு ‘ஸ்’ வந்து ‘வாஸி’ ஆகிறது. பாடநூலில் இதை விதிவிலக்கு என்று அச்சடித்திருக்கிறார்கள். இரண்டு உயிர்கள் சந்திக்கும் இடத்தில் ஒரு மெய் வந்து நிற்பதை மணி, அடித்தது என்று பிரிக்கவும் சேர்க்கவும் தெரிந்த பிள்ளைக்கு உடம்படுமெய் என்று சொன்னால் போதாதா? வரலாறு வேறுதான், ஆனால் காது கேட்கும் தேவை ஒன்றுதான்.

வகுப்பில் வேறு மொழிப் பிள்ளைகளும் இருக்கிறார்களே என்று ஆசிரியர்கள் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்தியிலும் தெலுங்கிலும் வினை ஆளுக்கேற்ப மாறத்தான் செய்கிறது. அவரவர் மொழியிலிருந்து ஒரு வாக்கியம் கேளுங்கள், கரும்பலகையில் எழுதுங்கள். பிளஸ் டூவில் மதிப்பெண்ணுக்காக பிரெஞ்சு எடுத்து, இரண்டு ஆண்டு முடிந்தும் “ஸா வா?” என்று நலம் விசாரித்தால் பதில் சொல்லத் தெரியாமல் நிற்கும் பிள்ளைகளை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தக் கேள்வியிலும் இருப்பது இதே ‘வா’தான்.

‘ஜால்’ எழுதிய பெண் தம்பிக்குச் சைக்கிள் பழக்குகிறாள். போன வாரம் மாடியிலிருந்து பார்த்தேன். சீட்டைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் ஓடினாள், பிறகு கையை விட்டுவிட்டு “வாஸி! வாஸி!” என்று கத்தினாள்.