மூன்றாம் நாள் அடக்கம், பத்தாண்டுத் தடை

அயர்லாந்தில் சாவுச் சடங்கைத் தள்ளிப்போட மாட்டார்கள். இன்று ஒருவர் இறந்தால், நாளை ஊரார் வந்து குடும்பத்தாரின் கையைப் பற்றித் துக்கம் விசாரிப்பார்கள். பெரும்பாலும் மூன்றாம் நாள் தேவாலயத்தில் பூசை, பிறகு கல்லறைத் தோட்டம். கடல் கடந்து வாழும் ஐரிஷ் குடும்பங்களுக்கு இந்த மூன்று நாள்தான் கணக்கு. லண்டனில் இருப்பவர் அடுத்த விமானத்தில் வந்துவிடுவார். சிட்னியில் இருப்பவருக்குப் பயணமே ஒரு நாளைத் தின்றுவிடும். நியூயார்க்கில் ஆவணமில்லாமல் வாழ்பவருக்காகச் சடங்கை எத்தனை நாள் தள்ளிவைத்தாலும் பயனில்லை.

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் உள்ள வுட்லான், ஐரிஷ்காரர்களின் பேட்டை. அங்கே ஒரு நடுவயதுத் தம்பதியை எண்ணிப் பாருங்கள். கணவருக்குக் கட்டட வேலை. மனைவி முதியோரைப் பராமரிக்கிறார். விசா இல்லாமல் 90 நாள் தங்கும் சலுகையில் வந்து, அப்படியே இருந்துவிட்டவர்கள். பிள்ளைகள் அங்கே பிறந்ததால் அமெரிக்கக் குடிமக்கள். பெற்றோர் வழியில் ஐரிஷ் குடிமக்களும்கூட. கோடை விடுமுறைக்குப் பிள்ளைகள் பாட்டி வீட்டுக்குப் போய்வரலாம். பெற்றோர் விமான நிலையத்தோடு நின்றுவிட வேண்டும்.

காரணம், அமெரிக்கா 1996-இல் இயற்றிய குடியேற்றச் சட்டம். ஓராண்டோ அதற்கு மேலோ அனுமதியின்றித் தங்கியவர் வெளியேறினால், பத்தாண்டுகளுக்குத் திரும்ப முடியாது. தங்கியிருக்கும்வரை அந்தத் தடை தூங்கும். நாட்டைவிட்டுக் காலெடுத்து வைத்ததும் விழித்துக்கொள்ளும். தாயை அடக்கம் செய்யப் போனால் பிள்ளைகளைப் பிரிய வேண்டும். இப்படி வாழும் ஐரிஷ்காரர்கள் ஐம்பதாயிரம் பேர் என்று ஒரு காலத்தில் பேசப்பட்டது. பத்தாயிரம் அளவில்தான் என்பது பிந்தைய மதிப்பீடு. எண் குறையலாம். ஒவ்வொரு வீட்டிலும் இழப்பின் எடை குறைவதில்லை.

அதனால், தேவாலயத்தில் பொருத்திய கேமராதான் அவர்களுக்கு ஊர். அயர்லாந்தில் காலை 11 மணிப் பூசை என்றால் நியூயார்க்கில் 6 மணி. சமையலறை மேசையில் மடிக்கணினியைத் திறந்துவைத்துப் பார்க்கிறார்கள். பூசை முடிந்ததும் உறவினர்கள் சவப்பெட்டியைத் தோளில் ஏற்றி வாசலுக்கு நடப்பார்கள். கேமரா பீடத்தைப் பார்த்தபடியே நிற்கும். கல்லறைக்கு அது போவதில்லை.

உயிரோடு ஓர் இழவு

இந்தப் பிரிவுக்கு நீண்ட வரலாறு உண்டு. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிரில் விழுந்த நோய் பெரும் பஞ்சமாக மாறியது. சுமார் 10 லட்சம் பேர் மாண்டார்கள். அதைவிடக் கூடுதலானோர் கப்பலேறினார்கள். 1841-இல் 81 லட்சத்தைத் தாண்டியிருந்த மக்கள்தொகை பத்தே ஆண்டுகளில் 65 லட்சமாகச் சுருங்கியது.

போகிறவர் திரும்ப மாட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். எனவே, பிணம் இல்லாமலே இழவு நடத்தினார்கள். புறப்படுவதற்கு முந்தைய இரவு அக்கம்பக்கத்தார் கூடுவார்கள்; பிடில் ஒலிக்கும்; ஆட்டம் நடக்கும். விடியும்போது தாய் ஒப்பாரி வைப்பாள். ‘அமெரிக்கன் வேக்’, அதாவது அமெரிக்க இழவு என்று அதற்குப் பெயர். டோனகல் மாவட்டத்தின் மக்கிஷ் மலையடியில் ஒரு சிறு கல்பாலம் இருக்கிறது. குடும்பத்தார் அதுவரை நடந்து வருவார்கள். அதற்குப் பிறகு, டெரி துறைமுகம் நோக்கிப் போகிறவர் தனியாகத்தான் போக வேண்டும். ‘கண்ணீர்ப் பாலம்’ என்றே இன்றும் அழைக்கிறார்கள்.

பாலத்தைத் தாண்டியவர் உறவை முறித்துக்கொள்ளவில்லை, அதைச் சுமந்தார். 1848 முதல் 1864 வரை மட்டும் வட அமெரிக்காவிலிருந்து சுமார் 1.3 கோடி பவுண்ட் அயர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்தது. அதில் கணிசமான பங்கு வீட்டு வேலை செய்த இளம்பெண்களின் கூலி. குத்தகை பாக்கி தீர்ந்தது. தம்பிக்கோ தங்கைக்கோ கப்பல் சீட்டு வந்தது. ‘அமெரிக்கக் கடிதம்’ வந்தால் வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். அண்டை வீட்டாரும் கேட்பார்கள். ஊரே கேட்கும் கடிதத்தில் பசியையும் அவமானத்தையும் யார் எழுதுவார்? பணம் வைக்க முடியாத மாதத்தில் சிலர் எழுதாமலே இருந்தார்கள். மௌனம் நீண்டால் விலாசமும் தொலைந்தது. பாஸ்டனின் ‘பைலட்’ வார ஏடு, 1831 முதல் 1921 வரை காணாமல்போன உறவினர்களைத் தேடும் விளம்பரங்களை வெளியிட்டது. பிறந்த ஊர், பங்கு, கரையிறங்கிய துறைமுகம் என்று துப்புகளை அடுக்கி, ஓர் அண்ணனை, ஒரு கணவனைத் தேடியவர்கள் ஆயிரக்கணக்கில்.

விளக்கு போதுமா?

கடலும் தபாலும் இன்று தடையே அல்ல. காணொளி அழைப்புக்குக் காசுகூட வேண்டாம். ஆனால், இயற்கை விலகிக்கொண்ட இடத்தில் அரசுகள் வந்து நிற்கின்றன. அமெரிக்கா மட்டும் அல்ல, அயர்லாந்தும்தான்.

1990-இல் குடியரசுத் தலைவரான மேரி ராபின்சன், புலம்பெயர்ந்தோரின் நினைவாகத் தம் மாளிகை ஜன்னலில் ஒரு விளக்கை ஏற்றிவைத்தார். வெளிநாட்டில் வாழும் ஐரிஷ் வம்சாவளியினருடனான உறவைப் போற்றுவதாக 1998-இல் அரசியலமைப்பே திருத்தப்பட்டது. வாக்குரிமை மட்டும் வரவில்லை. நாட்டைவிட்டுப் போய் 18 மாதம் கடந்தால் பெரும்பாலோரின் வாக்கு போய்விடும். 2015-இல் தன்பாலினத் திருமண வாக்கெடுப்புக்காக விமானங்களிலும் கப்பல்களிலும் வந்திறங்கியவர்களை நாடே கொண்டாடியது. நேரில் வந்து நின்றால்தான் வாக்கு என்ற விதியை அந்தக் கொண்டாட்டம் மறைத்துவிட்டது. குடியரசுத் தலைவர் தேர்தலிலாவது வெளிநாட்டில் வாழும் குடிமக்கள் வாக்களிக்கலாம் என்று 2013-இல் அரசியலமைப்பு மாநாடு பரிந்துரைத்தது. அது இன்னும் கிடப்பில்தான் இருக்கிறது.

ஒவ்வொரு மார்ச் மாதமும் ஐரிஷ் பிரதமர் வெள்ளை மாளிகைக்குச் சென்று, ஷாம்ராக் இலை நிறைந்த கிண்ணத்தை அதிபரிடம் கொடுப்பது மரபு. புகைப்படம் எடுக்கிறார்கள், ஆவணமில்லாதவர்களைப் பற்றியும் பேசுகிறார்கள். குடியுரிமை பற்றிய பெரிய தீர்வுக்கு அமெரிக்க நாடாளுமன்றம் மனம்வைக்க வேண்டும்; அது எளிதல்ல. ஆனால், பெற்றோரின் சாவுக்குப் போய்த் திரும்பப் பத்து நாள் அனுமதி கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. அது ஐரிஷ்காரர்களுக்கு மட்டும் உரிய சலுகையாகவும் இருக்கக் கூடாது. மெக்சிகோக்காரருக்கும் தாய் ஒருத்திதான்.

பஞ்ச காலத்தில்கூட, போகிறவரோடு பாலம் வரை நடக்க உறவுக்கு உரிமை இருந்தது. இன்று சவப்பெட்டியின் பின்னால் பத்தடி நடக்கப் பிள்ளைக்கு அனுமதி இல்லை.